ஏழில் நின்ற வளவு

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கூட்டிச் சொன்னால் சொர்ணம் சண்டைக்கு வருவாள், குறைத்துச் சொன்னால் சண்முகத்தாய் அக்கா மனம் நோவாள், பாதியில் யாராவது கூப்பிட்டு நான் எழுந்து போய்விட்டாலோ அது எல்லாவற்றையும்விடக் கேடு. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசக்கிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் சுகம். சுயம்பு அண்ணாச்சி காலமாகிவிட்டார். பதினோரு வீட்டு கேஸ் சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. இனி யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், நானும் பதறாமல் சொல்லலாம்.

தூத்துக்குடியில் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே எங்கள் வளவு இருக்கிறது. பதினோரு வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே குழாய், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு சொல்லுகிற அளவுக்குத்தான் சுவர். என் பெயர் ஞானப்பூ. ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி கட்டி ஓரம் தைத்துக் கொடுப்பது என் வேலை. மகள் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போகும்போது தன் கிதாரை பீரோவின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்குமோ, ஓட்டைக்குள் பல்லி முட்டை போடுமோ, கறையான் ஏறுமோ, பீரோ மேலிருந்து விழுந்து தூங்குகிறவர் மண்டையை உடைக்குமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே இருப்பேன். உப்பு லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார். "வித்துத் தொலை" என்றார். விற்றபிறகு அவள் கேட்டால்? ஒரு பொருள் கெடாமலிருக்க வேண்டுமென்றால் அதைப் புழங்க வேண்டும். அதனால்தான் நாற்பத்தேழு வயதில் நான் கிதார் கற்றுக்கொள்ளப் போனேனே தவிர, பாட்டின் மேல் ஆசைப்பட்டு இல்லை.

சொல்லிக்கொடுத்தவர் கடைசி வீட்டு பீட்டர். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிப்பார். என் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊசி குத்திக் குத்தி நல்லாக் காய்ச்சுப் போயிருக்குக்கா, மத்தவங்களுக்கு இதுக்கே ரெண்டு மாசம் ஆவும்" என்றார். வாழ்க்கையில் என் விரலை யாரும் மெச்சியது அதுதான் முதல் தடவை.

கிதாரின் கழுத்தைக் குறுக்குக் கம்பிகள் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கின்றன. ஒரு கட்டத்தை விட்டு அடுத்ததற்குப் போவது தாண்டு, பக்கத்துக் கட்டத்துக்கே போவது ஒட்டு. "ரெண்டு தாண்டு, ஒரு ஒட்டு, மூணு தாண்டு, ஒரு ஒட்டு. மேஜர் ஸ்கேல்னா இவ்வளவுதான்க்கா, எங்க தொடங்கினாலும் இதே கணக்கு" என்றார். எனக்கு அது உடனே பிடிபட்டது, நீளத் தையல் நீளத் தையல் குட்டைத் தையல் என்று ஓரம் அடிக்கிறவளுக்கு இதில் என்ன கஷ்டம்? ஒரு வாரத்தில் ஐந்தாம் கம்பியில் தொடங்கி ஒவ்வொரு சுரமாக ஏறி, விரலே வைக்காமல் இரண்டாம் கம்பியைத் தட்டுகிற ஏழாவது சுரம் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குமேல்தான் எனக்கும் அவருக்கும் தகராறு.

"எட்டைப் போடுங்க."

"சுரம் ஏழுதானே தம்பி?"

"எட்டாவதும் முதல் சுரந்தான்க்கா, மேல நிக்கிற முதல் சுரம். அதப் போட்டாத்தான் வீடு வந்து சேந்த மாதிரி."

"ஏழு கிழமை முடிஞ்சு மறுபடி ஞாயித்துக்கிழமை வந்தா அது அடுத்த வாரம். அதைக் கொண்டுபோய் இந்த வாரத்தில ஏன் சேக்கணும்?"

"ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒட்டுதான்க்கா இருக்கு. ஏழு எப்பவும் எட்டைத் தேடிக்கிட்டே நிக்கும், பாவம்" என்று சொல்லிவிட்டு, பீட்டர் கன்வென்ஷன் கூட்டங்களில் வாசிக்க இரண்டு வாரம் ஊர் ஊராகக் கிளம்பிப் போய்விட்டார்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. எட்டாவது சுரத்துக்கு இடது கை ஆள்காட்டி விரலை இரண்டாம் கம்பியின் முதல் கட்டத்தில் வைத்து அழுத்த வேண்டும், அந்த விரலில் எனக்கு நகச்சுத்து வந்து, எலுமிச்சம்பழத்தைத் துளைத்துச் செருகியிருந்தேன். எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு எந்தக் கம்பியை அழுத்துவது?

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பழம் செருகிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் ஏழு சுரத்தையும் முதல் தடவையாகத் தப்பில்லாமல் வாசித்து, ஏழாவதோடு நிறுத்தி, கிதாரைச் சுவரில் சாய்த்துவைத்தேன். பக்கத்து வீட்டில் சண்முகத்தாய் அக்கா அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி எழுந்து, பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் வெள்ளைத் தொப்பி மாதிரி நின்று, வழியவும் இல்லை, அடங்கவும் இல்லை. அக்கா அதைப் பார்க்கவில்லை. அவள் புருஷன் சுயம்பு அண்ணாச்சி துறைமுகத்தில் எடைமேடை பார்த்தவர், நுரையீரல் கெட்டுப்போய், பொழுது தாங்காது என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த நாலு மணிக்கு அவர் கையைப் பாதி தூக்கி, "ஏ, அந்த..." என்று சொன்னார். உள்ளே போன மூச்சு உள்ளேயே நின்றது. வெளியேயும் வரவில்லை, அவர் சாகவும் இல்லை.

வந்திருந்த சொந்தக்காரர்கள் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. மாலை வாங்கியாகிவிட்டது, வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, வாடகை நாற்காலியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள். சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது, ஆனால் சாகாத வீட்டில் சொல்லாமல் போனால் மரியாதையா? எதைச் செய்தாலும் குற்றமாகிவிடும் என்று மூன்றாம் நாள் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போய் அப்படியே பஸ் ஏறினார்கள். மாலையை என் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம், அதன் மொட்டும் மலரவில்லை. பஹ்ரைனில் இருந்த மகன் தினமும் போன் பண்ணி, "முடிஞ்ச உடனே சொல்லும்மா, டிக்கெட் போட்டுருதேன்" என்றான்.

நான் தினமும் நாலு மணிக்கு ஏழு சுரம் வாசித்தேன், தினமும் ஏதாவது ஒன்று அதன் முடிவுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. சொர்ணத்தின் கடைக்குட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழாமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஆறாம் வீட்டுச் சுவரில் பல்லி பூச்சியைக் கவ்வப் போய் வாயைத் திறந்தபடி நின்றது, அதன் மூக்குக்கு முன்னாலேயே பூச்சியும் நின்றது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நாள்கணக்கில் இருந்தன. என் நகச்சுத்து பழுத்துப் பழுத்து, உடைகிற பதத்துக்கு வந்து, உடையாமல் விண்விண் என்று தெறித்தது. இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நல்ல பால் என்றால் அப்படித்தான் நிற்கும் என்றார்கள். பல்லியைப் பிரசங்கியார் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பொறுமைக்கு உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு போனார்.

எனக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று கண்டுபிடித்தது ஆறாம் வீட்டுச் சொர்ணம். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள்.

"ஏ ஞானப்பூ, நீ அந்தக் கிதாரை ஏழோடதான நிறுத்துத?"

"ஆமா."

"அதான பாத்தேன். ஏழாங்கிளாஸோட பள்ளிக்கூடத்த நிறுத்தினவ, எல்லாத்தையும் ஏழோட நிறுத்திட்டா. வளவே பாதியில நிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அன்றைக்கே எட்டைப் போட்டுவிடலாம் என்று சொன்னேன், விரல் வலித்தாலும் பரவாயில்லை என்றேன். உடனே சிரிப்பு நின்றது. சொர்ணம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கூறு கெட்டவளே, எங்க வீட்டு சிலிண்டர் முந்தாநாள் சாயங்காலம் தீரப் பாத்துச்சு. நீலம் போயி மஞ்சளா எரிஞ்சு, அந்தா இந்தான்னு இருந்தது, இன்னும் எரியி. எத்தன நாள் எரியும்னு பாப்பமே."

அதற்குப் பிறகு வளவில் நடந்ததைச் சொன்னால் நம்ப வேண்டும். சிலிண்டர் லேசாகிவிட்ட வீட்டுக்காரர்கள் நாலு மணிக்குச் சரியாக அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதினோரு வீட்டிலும் ஒவ்வொன்றாக, தீரப்போன சிலிண்டர் தீராமல் நின்றது. மூன்று மணியானால் என் வாசலில் யாராவது வந்து, "விரல் எப்படி இருக்கு? அழுத்திராத, என்ன?" என்று விசாரித்தார்கள். புது எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து என்னை இத்தனை பேர் தேடி வந்தது கிடையாது. கிதாரில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஏறுவரிசை, அதுவும் முழுசாகத் தெரியாது, அந்தத் தெரியாததற்குத்தான் மரியாதை. பீட்டருக்குப் போன் போட்டுக் கேட்கலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை, அவர் என்ன சொல்வார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சண்முகத்தாய் அக்கா மட்டும் பழம் கொண்டுவரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் அவளைப் பார்க்கப் போனேன். அண்ணாச்சி பாதி தூக்கிய கையோடு படுத்திருந்தார், கண் மட்டும் அசைந்தது. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் வந்ததைக்கூடக் கவனிக்காமல் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"...அப்ப உங்க அம்மா என்ன சொன்னா தெரியுமா? சீர் கொண்டாந்த அண்டாவுல ஓட்டை இருக்குன்னு சொன்னா. ஓட்டை இல்ல. அது அண்டாவுல பேர் வெட்டுன இடம். நான் அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க சட்டைய மாட்டிக்கிட்டு ஷிஃப்டுக்குப் போயிட்டீங்க."

"அக்கா" என்றேன்.

"வா ஞானப்பூ. எண்பத்தாறுல நிக்கேன்" என்றாள். "எண்பத்து மூணுல கல்யாணம். நான் பேசுனதுக்கு ஒரு நாள் உக்காந்து காது குடுத்தது கெடையாது. இப்பத்தான் எங்கயும் போகாமக் கேக்காரு."

அவர் "ஏ, அந்த" என்று தொடங்கியது எதைப் பற்றி என்று வளவே பேசிக்கொண்டிருந்தது. பெட்டிச் சாவி என்றார்கள், பத்திரம் என்றார்கள், மகனைத்தான் தேடுகிறார் என்றார்கள், வேறொரு ஊரில் வேறொரு வீடு இருக்கலாம் என்றுகூடச் சொர்ணம் ஒரு வார்த்தை சொன்னாள். அக்கா காதில் அது விழாமல் இருந்திருக்காது.

பத்தாம் நாள் சாயங்காலம் நான் ஏழை வாசித்து முடித்த அதே நேரத்தில் சொர்ணத்தின் வீட்டிலிருந்து அலறல் கேட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் இசக்கிக்கு மத்தியானத்திலிருந்தே வலி, சொல்லாமல் பொறுத்திருந்திருக்கிறாள், நாலு மணிக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். நான் கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சொர்ணத்திடமிருந்து போன் வந்தது.

"ஞானப்பூ, எட்டைப் போடு." சொர்ணத்தின் குரலா என்று சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. "தலை தெரியுதாம். நேத்துலேர்ந்து தலை தெரியுதாம், வரமாட்டேங்குதாம். டாக்டரம்மா இப்படி ஒண்ணப் பாத்ததில்லங்காங்க. பிள்ள தாங்கமாட்டா, ஞானப்பூ. சிலிண்டர் நாசமாப் போகட்டும், எட்டைப் போடு."

நான் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கப் போனேன். என் கையை யாரோ பிடித்தார்கள். சண்முகத்தாய் அக்கா. சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. அந்தப் பழத்தோடு சேர்த்து என் விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டாள்.

"தொண்ணூத்தொண்ணுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள். "இன்னும் முப்பத்து மூணு வருஷம் பாக்கி இருக்கு, ஞானப்பூ."

வளவே வந்து கூடிவிட்டது. நேற்றுவரை பழம் கொண்டுவந்து தந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவராவது ஒரு பக்கம் சொல்லியிருக்கலாம். போட்டால் அண்ணாச்சியை நான் கொன்றதாக ஆகும், போடாவிட்டால் இசக்கியை. யோசித்து யோசித்துப் பார்த்தும் நான் தப்பிக்கிற மாதிரி ஒரு வழியும் தெரியவில்லை. போன் இன்னும் அணையாமல் மேசை மேல் கிடந்தது. அதிலிருந்து இசக்கியின் சத்தம் வந்தது. "யம்மா" என்று தொடங்கி, மேலே மேலே போய், அந்த "மா" முடியாமலே நின்றுகொண்டிருந்தது.

அக்கா அதைக் கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என் விரலை விட்டுவிட்டு, "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் வேகவேகமாகப் பேசுவது எங்களுக்குக் கேட்டது, என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். கதவைத் திறந்தபோது முகம் கழுவி, புதுசாகக் குங்குமம் வைத்திருந்தாள்.

"சுருக்கமாச் சொல்லிட்டேன்" என்றாள். "கிதாரை எடுத்துக்கிட்டு வா. அவரு முன்னால போடு."

கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பழத்தைப் பிடுங்கினேன். விரல் நுனி நாவல்பழம் மாதிரி இருந்தது. முதல் கட்டத்தில் வைத்து அழுத்தினேன், உயிர் போய்விட்டது, கம்பி டப்பென்று செத்த சத்தம் போட்டது, அடுக்களையில் பால் ஒரு சொட்டு வழிந்து நின்றது. "என்னால முடியலக்கா" என்று அழுதுவிட்டேன். அக்கா என் விரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். "நான் அழுத்துதேன். நீ தட்டு" என்றாள். அவள் அழுத்தினாள். நான் தட்டினேன். நகச்சுத்து உடைந்தது.

அந்த எட்டாவது சுரம் அப்படி ஒன்றும் பெரிய சுரம் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிப்போடுகிற சத்தம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அடுப்பில் பதினோரு நாளாக நின்ற பால் பொங்கி வழிந்தது, அந்த அடுப்பும் மற்றப் பத்து வீட்டு அடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் புஸ்ஸென்று அணைந்தன, கடைக்குட்டியின் பல் நடுமுற்றத்தில் விழுந்து தெறித்தது, பல்லி பூச்சியைத் தின்றது, என் ஃப்ரிட்ஜுக்குள் மாலை மலர்ந்து வாசம் வீடெல்லாம் பரவியது, போனுக்குள் இசக்கியின் கத்தல் முடிந்து, வேறொரு சின்னக் கத்தல் தொடங்கியது. சுயம்பு அண்ணாச்சி பாதியில் நின்ற கையை முழுக்கத் தூக்கி மேலே காட்டினார்.

"ஏ, அந்த... ஃபேன அமத்து. குளுருது" என்றார். மூச்சு வெளியே வந்தது.

அக்கா எழுந்து போய் ஸ்விட்சை அமத்தினாள். ஃபேன் மெல்லமெல்லச் சுற்றி நிற்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகுதான் அழத் தொடங்கினாள்.

ஒரு வாசலுக்குள் பிறந்த வீடும் இறந்த வீடும் இருந்தால் இனிப்பை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று அன்றைக்கு ஒரு தகராறு, பதினோரு வீட்டுக்கும் ஒரே நாளில் சிலிண்டர் பதிந்ததில் டெலிவரிக்காரர் சந்தேகப்பட்டு ஒரு தகராறு. பீட்டர் ஊரிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான்தான் சொன்னேன்லாக்கா, ஏழு எட்டைத் தேடும்னு" என்றார். சொர்ணம் பேத்தியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஆனால் இப்போது ஒவ்வொருவராகத் தனியாக என்னிடம் வருகிறார்கள். ஒருத்திக்கு மகனின் லீவு முடியக்கூடாது, ஒருத்தருக்குத் தாயாருடைய நினைவு இன்னும் கொஞ்சநாள் போகாமலிருக்க வேண்டும். ஏழோடு நிறுத்தேன் என்கிறார்கள், காதோடு காதாக. எனக்குத் தூக்கம் போயிற்று.

அதனால் கடைசியில் நான் இப்படிச் செய்தேன். கிதாரை எடுத்தால் முதலில் எட்டாவது சுரத்தைப் போட்டுவிடுகிறேன், பிறகுதான் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பீட்டருக்கு அது பிடிக்கவில்லை, தப்பு என்கிறார். தப்பாகவே இருக்கட்டும். இனி யார் கூப்பிட்டாலும், குக்கர் விசிலடித்தாலும், நான் எந்தச் சுரத்தில் விட்டுவிட்டு எழுந்தாலும் யார் மூச்சும் நடுவில் நிற்காது.

நாலு மணிக்குச் சண்முகத்தாய் அக்கா வருகிறாள். அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை எனக்கு விரிவாகச் சொல்கிறாள். ஃபேனை அமத்திவிட்டு இரண்டு பேரும் வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறோம். தொண்ணூற்று மூன்று தீபாவளிக்கு வந்துவிட்டாள். இந்த வருஷம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் அவள் என்ன செய்வாள் என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதற்குக் கிதாரைத் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. நேற்று அவள் அந்தத் தீபாவளிச் சேலையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பொங்கலுக்குப் போகப் பார்த்தபோது, நான் கொக்கி கட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கலர்க்கா?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். ஊதா என்றாள், இல்லை கத்தரிப்பூ என்றாள், கரை எப்படி இருந்தது என்றேன், எந்தக் கடையில் எடுத்தது என்றேன், அண்ணாச்சி கூட வந்தாரா என்றேன்.

இன்றைக்கும் அதே தீபாவளிதான்.